போடி அடிவாரத்தில் நிதி திரட்ட ஒரு ஃபோர்வீல் ஓட்டம்: எப்படி நடத்தினால் காசு உரிய இடத்துக்குப் போய்ச் சேரும்?

மேஜர்வண்டி (போடிநாயக்கனூர்)

நண்பர்களே, நம்ம பக்கம் ஜீப் வைத்திருக்கிறவர்கள் சேர்ந்து, பொங்கல் முடிந்து வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில், ரோடு இல்லாத கரடுமுரடான நிலத்தில் ஃபோர்வீல் (நான்கு சக்கரமும் இழுக்கும்) வண்டி ஓட்டும் ஆஃப்ரோடு ஓட்டம் நடத்தலாம் என்று பேச்சு ஓடுகிறது. சேருகிற பணம் முழுக்க மலைக்கு மேலே கேரளாவில் சூரியநெல்லி, சின்னக்கானல் பக்கம் தேயிலை, ஏலத் தோட்டங்களில் இருக்கும் நம் ஆட்களின் மருத்துவத்துக்கு. அங்கே ராத்திரி ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் லயத்திலிருந்து (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) தார்ரோட்டுக்குக் கொண்டுவருவதே பெரும்பாடு. அதற்குப் பிறகுதான் போடிமெட்டு, 17 கொண்டை ஊசி வளைவு, போடி ஆஸ்பத்திரி, அங்கே முடியாது என்றால் கானாவிலக்கு மருத்துவக் கல்லூரி. ஒரு ஃபோர்வீல் ஆம்புலன்ஸ் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் ஆசை.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொழுக்குமலைப் பாதையில் இது வேண்டாம். மேலே இருக்கும் தேயிலைத் தோட்டம் தேனி மாவட்டம், ஜீப் போகும் வழி கேரளா. ரெண்டு மாநிலத்து அதிகாரிகளையும் கேட்க வேண்டும். அதைவிட முக்கியம், அந்தப் பாதையில் தினமும் சுற்றுலாக்காரர்களை ஏற்றி வண்டி ஓட்டிக் குடும்பம் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பிழைப்புக்கு நடுவே போய் நாம் விளையாட்டு காட்டக் கூடாது. அடிவாரத்தில் பட்டா நிலம் பார்க்கலாம். மற்றதை எல்லோரும் சொல்லுங்கள்.

சூரியநெல்லி டிரைவர்

அண்ணே, கொழுக்குமலை வேண்டாம்னு நீங்களே சொன்னதுக்கு ரொம்ப நன்றி. நாங்க சொன்னா பொறாமைன்னு நினைப்பாங்க.

2022ல வாகமண் பக்கம் ஒரு எஸ்டேட்ல அனுமதி இல்லாம ஆஃப்ரோடு நடத்தி கேஸ் ஆச்சு. 2025 ஜூலையில மூணாறு பக்கம் ஒரு ஜீப் கவிழ்ந்து ஆள் செத்த பிறகு இடுக்கி மாவட்டம் முழுக்க ஜீப் சவாரியையே நிறுத்திட்டாங்க. அப்புறம் விதிமுறை போட்டுத்தான் திரும்ப விட்டாங்க. அந்த நாளெல்லாம் ஸ்டாண்டுல வண்டியை வரிசையா நிறுத்திட்டு உக்காந்திருந்தோம். வண்டித் தவணை நிக்காதுல்ல. எங்கேயோ யாரோ ஓட்டுறதுக்கு எங்க வீட்டு அடுப்பு அணையுது. அதனால அனுமதியை எழுத்துல வாங்குங்க, வாய்ப்பேச்சு வேண்டாம்.

இன்னொண்ணு. மாட்டிக்கிட்ட வண்டியை இழுக்கவும், பாதையில கொடி பிடிச்சு நிக்கவும் எங்க பசங்களைக் கூப்பிடுங்க. இந்த மலையை எங்களைவிடத் தெரிஞ்சவங்க கிடையாது. ஆனா ஒரு நாள் வாடகை கொடுத்துக் கூப்பிடுங்க. தர்ம காரியம்னு சொல்லி டீசலையும் எங்க தலையில கட்டிடாதீங்க.

நைரோபி நெல்லை

வணக்கம். நான் வேலை நிமித்தம் கென்யாவில் இருக்கிறேன். இங்கே 1989 முதல் ரைனோ சார்ஜ் என்று ஒரு ஓட்டம் நடக்கிறது. ஃபோர்வீல் வண்டி வைத்து தர்மத்துக்குப் பணம் திரட்டுவதில் உலகத்திலேயே பெரிய பெயர் எடுத்தது இதுதான் என்பேன். பணம் ரைனோ ஆர்க் என்கிற அறக்கட்டளைக்குப் போகிறது. அபெர்டேர் மலைக்காட்டைச் சுற்றி ஏறக்குறைய 400 கிலோமீட்டர் மின்வேலி இந்தப் பணத்தின் பலத்தில்தான் எழும்பியது. 2009ல் முடிந்தது. காண்டாமிருகத்தைக் கள்ளவேட்டையிலிருந்து காக்கத் தொடங்கிய வேலை, கடைசியில் யானை தோட்டத்தில் இறங்காமல் இருக்கவும், ஆறுகள் பிறக்கும் காடு அழியாமல் இருக்கவும் உதவியது. சின்னக்கானல்காரர்களுக்கு இதன் அருமை தெரியும்.

நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, அதில் வேகத்துக்குப் பரிசு கிடையாது. 13 சோதனைப் புள்ளிகளை 10 மணி நேரத்துக்குள் தொட்டு வர வேண்டும். எல்லாப் புள்ளியையும் தொட்டவர்களில் யார் குறைந்த கிலோமீட்டர் ஓட்டினாரோ அவரே ஜெயித்தவர். ஜிபிஎஸ் வைத்து அளக்கிறார்கள். ஒவ்வொரு வண்டிக்கும் முன்னால் ஆட்கள் ஓடிப்போய் பாறையையும் பள்ளத்தையும் பார்த்து வழி சொல்வார்கள். பெரும்பாலான நேரம் வண்டி மனிதன் நடக்கிற வேகத்தில்தான் போகும்.

இரண்டாவது பணம். ஒவ்வொரு அணியும் வண்டி கிளம்புவதற்கு முன்பே ஒரு குறைந்தபட்சத் தொகையைத் திரட்டிக் கொடுத்தாக வேண்டும். அலுவலகத்தில், உறவில், கடைவீதியில் கேட்டு வாங்குவார்கள். அதிகம் திரட்டிய அணிக்கும் கோப்பை உண்டு. ஓட்டத்தில் ஜெயித்தவருக்கு இருக்கும் அதே மதிப்பு அவருக்கும் இருக்கிறது. போட்டியில் கடைசியில் வந்தவர் நன்கொடையில் முதலில் வரலாம்.

நம்ம ஊரில் இப்படி நடத்துவதாகச் சொல்பவர்கள் பலர் நுழைவுக் கட்டணம் வாங்கி, பந்தல், மைக், டீ சர்ட், பிரியாணி எல்லாம் போக மிச்சத்தைக் கொடுக்கிறார்கள். அந்த மிச்சம் பெரும்பாலும் ஒரு காசோலைப் படத்துக்குத்தான் போதுமானது.

கம்பம்மெட்டு

கொச்சிக் கோட்டையில் இருந்து ஆட்டோ ஓட்டிக்கொண்டு வடக்கே போகும் வெளிநாட்டுக்காரர்கள்கூட நன்கொடை திரட்டிக் கொடுக்கிறார்கள். நம்மால் முடியாதா? நான் சேர்ந்துகொள்கிறேன், வண்டி ஜிப்சி.

புல்வெளி (தேவிகுளம்)

நைரோபி அண்ணன் எழுதியதில் பணம் திரட்டும் முறை அருமை. ஆனால் குறைந்த தூரம் ஓட்டினவர் ஜெயித்தவர் என்கிற விதி நம் மலைக்கு ஆகாது. அது ஒவ்வொருவரையும் குறுக்கு வழி தேட வைக்கும். இருபது வண்டி வந்தால் இருபது தடம் விழும். கென்யாவின் விரிந்த முள்காட்டுக்குப் பொருந்துவது இங்கே பொருந்தாது.

சோலைப் புல்வெளியின் மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மேலே கறுப்பாக, ஈரம் பிடித்து, மெத்தென்று இருக்கும். மழையைக் குடித்து வைத்துக்கொண்டு கோடையில் ஓடைக்கு விடுவது அதுதான். டயர் ஒருமுறை அழுத்திவிட்டால் அந்தத் தடத்தில் தண்ணீர் ஓடத் தொடங்கும். அடுத்த மழையில் முழங்கால் ஆழம், அதற்கடுத்த மழையில் வாய்க்கால். நீலக்குறிஞ்சி 2018ல் பூத்தது. 2030ல் பூக்க வேண்டிய செடிகள் இப்போது பூவில்லாமல் சாதாரணப் புதர் போலத்தான் நிற்கின்றன. பூ இல்லை என்பதற்காக அதன் மேல் வண்டியை ஏற்றுகிறார்கள். பூக்கும் வருஷத்தில் படம் எடுக்கவும் அவர்களே வருகிறார்கள்.

நாள் குறித்ததும் சரியாகத்தான் இருக்கிறது. தையைத் தாண்டி மாசி, பங்குனிக்குத் தள்ளிவிடாதீர்கள். குரங்கணியில் 2018 மார்ச் 11ல் காடு எரிந்தது நினைவிருக்கும். சூடான சைலன்சர் காய்ந்த புல்லில் உரசினாலே போதும், தீ பிடிக்கும்.

மேஜர்வண்டி

தம்பி சொல்வது முழுக்கச் சரி, ஏற்றுக்கொள்கிறேன். அப்படியானால் கொடிப் பாதை வைப்போம். ஒரு ஏற்றம், ஒரு பாறைத் திட்டு, ஒரு சேற்றுக் குழி என்று துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் வரிசையாக ஜோடிக் கொடி நடுவது. வண்டி அந்தக் கொடிகளுக்கு நடுவே மட்டும்தான் போகலாம். எங்கே நின்றுபோகிறதோ, அதற்கு மேலே எத்தனை ஜோடிக் கொடி மிச்சமோ அத்தனை புள்ளி. கொடியைத் தட்டினாலும் புள்ளி. குறைந்த புள்ளி எடுத்தவர் ஜெயித்தவர். கடிகாரமே வேண்டாம். எல்லா வண்டியும் ஒரே தடத்தில் போகும். முடிந்ததும் அந்தத் தடத்தை மண்வெட்டி வைத்து நிரவி, குறுக்கு வரப்பு போட்டுவிட்டு வரலாம்.

நிலத்துக்கு அடிவாரத்தில் தரிசாகக் கிடக்கும் ஒரு மாந்தோப்பைப் பார்த்து வைத்திருக்கிறோம். பட்டா நிலம். காட்டு எல்லையிலிருந்து தள்ளி இருக்கிறது. சிலர் கல்குவாரி சொன்னார்கள், வேண்டாம் என்றேன். தண்ணீர் நிற்கும் குழியின் ஆழம் கரையில் நிற்கிறவனுக்குத் தெரியாது. கொட்டகுடி ஆற்றுப் படுகையும் வேண்டாம். அது குடிக்கிற தண்ணீர்.

கணக்குப்பிள்ளை (கம்பம்)

இன்சூரன்ஸ் பற்றி யாருமே பேசவில்லை. உங்கள் வண்டியின் பாலிசியை எடுத்து, எந்த உபயோகத்துக்குச் செல்லாது என்று போட்டிருக்கும் இடத்தைப் படியுங்கள். தனியார் கார் பாலிசியில் வாடகைக்கு ஓட்டுவது, ஏற்பாடு செய்த பந்தயம், வேகச் சோதனை, வண்டியின் தாங்குதிறன் சோதனை எல்லாம் விலக்கப்பட்டிருக்கும். கொடிப் பாதையில் வேகம் இல்லையே என்று வாதாடலாம். ஆனால் ஏற்பாடு செய்த போட்டி என்றவுடன் கம்பெனிக்காரர் கையை விரிக்க வழி இருக்கிறது. அதனால் நிகழ்ச்சிக்கென்று தனியாகப் பொதுப் பொறுப்புக் காப்பீடு, ஓட்டுநர்களுக்கும் கொடி பிடிப்பவர்களுக்கும் குழு விபத்துக் காப்பீடு எடுத்தே தீர வேண்டும். அந்தப் பிரீமியத்தை நன்கொடையில் கை வைத்துக் கட்டக் கூடாது, ஓட்டுகிறவர்கள்தான் கட்ட வேண்டும்.

பார்க்க வந்தவர்களை வெள்ளை போர்டு வண்டியில் ஏற்றி ஆளுக்கு 200 ரூபாய் வாங்கி ஒரு சுற்று காட்டலாம் என்று யாராவது கிளப்புவார்கள். நோக்கம் தர்மமாக இருந்தாலும் அது வாடகைதான். செய்யாதீர்கள்.

பணத்துக்கு வருகிறேன். தனி நபர் வங்கிக் கணக்கிலோ யாராவது ஒருவரின் யுபிஐ எண்ணிலோ ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. வருமான வரித் துறையில் 12ஏ, 80ஜி என்று வழக்கமாகச் சொல்லும் பதிவு இருக்கிற ஒரு அறக்கட்டளையோடு எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, கொடுப்பவர் நேராக அந்தக் கணக்குக்கே போட வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கொடுத்தவருக்கு 80ஜி வரிக் கழிவு கிடையாது. புதிய வரிமுறையில் இருப்பவர்களுக்கு எப்படிக் கொடுத்தாலும் கழிவு கிடையாது. கழிவு உண்டு என்று பொதுவாகச் சொல்லி வாங்கிவிட்டு அப்புறம் சங்கடப்பட வேண்டாம். டயர்க் கடைக்காரர் பேனர் வைக்கக் கொடுக்கும் பணம் விளம்பரப் பணம், நன்கொடை அல்ல. அதைத் தனியாக எழுதுங்கள். செலவை அந்தப் பணத்தில் பாருங்கள், நன்கொடையைத் தொடாதீர்கள். வெளிநாட்டுப் பணம் வாங்க அந்த அறக்கட்டளைக்குத் தனி அனுமதி வேண்டும். நைரோபிக்காரர் ஆர்வத்தில் அனுப்பிவிடப் போகிறார்.

நைரோபி நெல்லை

இந்தியக் குடிமகனாக என் சொந்தச் சம்பாத்தியத்தை ஊர் வங்கிக் கணக்கிலிருந்து கொடுத்தாலுமா?

கணக்குப்பிள்ளை

இந்திய பாஸ்போர்ட் வைத்திருந்து, உங்கள் சொந்தச் சேமிப்பிலிருந்து முறையான வங்கி வழியில் கொடுத்தால் அது வெளிநாட்டு நன்கொடைக் கணக்கில் வராது. பாஸ்போர்ட் நகலை அறக்கட்டளையிடம் கொடுத்துவிடுங்கள். அங்கே இருக்கும் நண்பர்களிடம் வசூலித்து அனுப்புவது வேறு விஷயம். அது வேண்டாம்.

லோகியர் (குமுளி)

ஓட்டப் பாதையில் நிற்கப் போகிறவர்களுக்காகக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். ஆஃப்ரோடில் வண்டி கவிழ்ந்து அடிபடுவதற்கு இணையாக, மாட்டிய வண்டியை இழுக்கும்போதும் அடிபடுகிறார்கள்.

வண்டிக்குப் பின்னால் டிரெய்லர் மாட்டும் உருண்டைக் குமிழ் இருக்கிறதே, அதில் பெல்ட்டை மாட்டி இழுக்கவே கூடாது. அது நிதானமாக இழுத்துப் போகச் செய்தது. வெட்டி இழுக்கும்போது கழன்றால் பீரங்கிக் குண்டுபோல வரும், எதிர்க் கண்ணாடியைத் துளைத்து உள்ளே இருப்பவரைக் கொல்லும். சேசிஸில் போல்ட் போட்ட கொக்கி அல்லது வளையத்தில்தான் ஷேக்கிள் (பின் போட்டுப் பூட்டும் இரும்புப் பிடி) மாட்ட வேண்டும். ஷேக்கிள் பின்னை முழுக்க முறுக்கிவிட்டு ஒரு கால் சுற்று தளர்த்தி விடுங்கள், இல்லாவிட்டால் இழுத்த பிறகு பிரிக்க வராது. வின்ச் (கம்பியைச் சுற்றி வண்டியை இழுக்கும் உருளை) கம்பியின் நடுவில் நனைத்த சாக்கைப் போடுங்கள். கம்பி அறுந்தால் சாக்கின் கனம் அதைக் கீழே அமுக்கும். கயிற்றின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்குக்குள் யாரும் நிற்கக் கூடாது. கைபேசியில் படம் எடுக்கிற பையன்களை விரட்ட மட்டுமே ஒரு ஆளைப் போடுங்கள்.

ஏற்றத்தில் வண்டி அணைந்துவிட்டால் புது ஓட்டுநர்கள் கிளட்சை மிதித்து, நியூட்ரலில் உருள விட்டு, ஸ்டியரிங்கைத் திருப்புவார்கள். வண்டி குறுக்கே திரும்பியது என்றால் உருண்டுவிடும். பிரேக்கை அழுத்திப் பிடித்து, லோ ரேஞ்சில் (வேகம் குறைந்து இழுவை கூடும் கியர் நிலை) ரிவர்ஸ் போட்டு, கிளட்சிலிருந்து காலை எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்து, நேர் பின்னாலேயே இறங்க வேண்டும். இறக்கத்தில் லோ ரேஞ்ச் முதல் கியர், கால் கிளட்ச் பக்கமே போகக் கூடாது. எஞ்சின் பிடித்து இறக்கும். பிரேக்கைத் தேய்த்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கும்.

சீட் பெல்ட்டும் ரோல் கேஜும் (கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் இரும்புக் கூண்டு) இல்லாத வண்டியைப் பாதையில் விடாதீர்கள், அது யாருடையதாக இருந்தாலும். ஓட்டுநரும் பக்கத்தில் ஒருவரும் போதும். பின்னால் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு வருபவரைத் திருப்பி அனுப்புங்கள். பார்வையாளர்களை ஏற்றத்தின் கீழே நிற்க விடாமல் பக்கவாட்டு மேட்டில் நிறுத்துங்கள்.

வார்டு 7 (தேனி)

நான் செவிலியர். எனக்கு ஓட்டத்தைப் பற்றித் தெரியாது, நோயாளி வந்து சேரும் நிலையைப் பற்றித் தெரியும். ஆம்புலன்ஸ் வாங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளத்தான் எழுதுகிறேன்.

வண்டி வாங்கும் பணத்தை ஒரு தடவை திரட்டிவிடலாம். அதற்குப் பிறகு ராத்திரிக்கு ஒருவர் பகலுக்கு ஒருவர் என்று ஓட்டுநர் சம்பளம், டீசல், அந்தப் பாதை தின்னும் டயர், வருஷாவருஷம் காப்பீடு, தகுதிச் சான்று. தர்மத்துக்கு வாங்கிய வண்டிகள் பேட்டரி இறங்கி, பெயர் எழுதிய பலகையோடு ஷெட்டில் நிற்பதைப் பார்த்து மனசு விட்டுப்போயிருக்கிறேன். தார்ரோட்டுக்கு 108 வந்துவிடும். குறை இருப்பது லயத்து வாசலுக்கும் தார்ரோட்டுக்கும் நடுவில் உள்ள அந்தக் கல்லுப் பாதையில்தான். அங்கே ஏற்கெனவே ஜீப்பும் இருக்கிறது, ஓட்டத் தெரிந்தவரும் இருக்கிறார்.

அதனால் பணத்தை அழைப்பு நிதியாக வையுங்கள். ராத்திரி ஒரு நோயாளியை இறக்கி 108ல் ஏற்றிவிட்ட ஜீப்காரருக்கு மறுநாளே அவர் வாடகை வந்துவிட வேண்டும். நோயாளி குடும்பத்திடம் அந்த நேரத்தில் பேரம் நடக்கக் கூடாது. கூடவே ஒவ்வொரு லயக் கூட்டத்துக்கும் ஒரு ஸ்பைன் போர்டும் (முதுகு அசையாமல் படுக்க வைத்துத் தூக்கும் பலகை) அதில் கட்டுகிற வார்ப் பட்டைகளும் கொடுங்கள். போர்டு ஆறடி நீளம். கமாண்டர் ஜீப்பில் பின்னால் எதிரெதிராக இருக்கும் இரண்டு பெஞ்சுக்கும் நடுவே தரையில் வைத்தால், கால்மாடு வெளியே நீட்டிக்கொண்டு பின்கதவு சாத்தாது. இப்போது எல்லோரும் அப்படியே துணியால் கட்டி, ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு இறக்குகிறார்கள். ஏற்றத்தில் நோயாளி பின்னால் சரிகிறார். ஒரு பெஞ்சைக் கழற்றி மாட்டுகிற மாதிரி போல்ட் மாற்றி, போர்டைக் கோணலாக வைத்து நாலு இடத்தில் கட்ட வளையம் வைத்தால் தீரும். வெல்டிங் பட்டறையில் ஒரு நாள் வேலை.

ஓட்டுநர்களுக்கும் ஒரு நாள் பயிற்சி கொடுக்க வேண்டும். நெஞ்சுவலிக்காரரை ஜீப் வரை நடக்க விடக் கூடாது. பாம்பு கடித்த காலை இறுக்கிக் கட்டக் கூடாது, அசையாமல் மட்டும் வைக்க வேண்டும். நிறைமாதப் பெண்ணை இடது பக்கம் சாய்த்துப் படுக்க வைக்க வேண்டும். இதற்கு நான் வருகிறேன், எங்களோடு வேலை பார்ப்பவர்களையும் அழைத்து வருகிறேன். காசு வேண்டாம்.

கொழுந்து

நான் லயத்தில் பிறந்து வளர்ந்தவள். அம்மா இன்னமும் அங்கேதான். செவிலியர் அக்கா எழுதியதைப் படித்து அழுகை வந்துவிட்டது, எங்கள் அப்பாவை அப்படித்தான் துணி கட்டி இறக்கினார்கள்.

ஒரு வேண்டுகோள். எங்கள் லயத்துக்கு வந்து பேனர் பிடித்து, கிழவிகளை வரிசையில் நிறுத்தி, அரிசிப் பையோடு படம் எடுக்காதீர்கள். 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியில் மண் சரிந்து 70 பேர் போனார்கள். லயம் லயமாகப் போனார்கள். நிறையப் பேர் கயத்தாறு பக்கத்துச் சொந்தங்கள். அதற்குப் பிறகு உதவி என்று வந்தவர்களில் மனசோடு வந்தவர்கள் நிறைய உண்டு. அவர்களை மறக்க மாட்டோம். படத்துக்கு வந்தவர்களையும் மறக்கவில்லை. எங்கள் ஆட்கள் உழைத்துச் சாப்பிடுகிறவர்கள். அழைப்பு நிதியை யார் கேட்கலாம், யாரிடம் கேட்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி, லயத்தில் உள்ள பெண்களில் ரெண்டு பேரைக் குழுவில் போடுங்கள். ராத்திரி யார் வீட்டில் யாருக்கு முடியவில்லை என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

சூரியநெல்லி டிரைவர்

அக்கா, தங்கச்சி ரெண்டு பேரும் சொன்னது எனக்குப் பிடிச்சிருக்கு. ராத்திரி போன் வந்தா நாங்க எப்பவும் போகாம இருந்ததில்ல. காசு கேட்க வாய் வராது, கேட்காம இருந்தா டீசல் வராது. அந்தச் சங்கடம் தீர்ந்தாலே பெரிய விஷயம்.

யானை இருக்கிற பாதை அது. அரிக்கொம்பனை 2023ல பிடிச்சுக் கொண்டுபோனாங்க, மத்ததுங்க இங்கதான் இருக்கு. ராத்திரி ஜீப்புல ஒருத்தன் தனியா போகக் கூடாது. ரெண்டு பேருக்குக் கூலின்னு கணக்குப் போடுங்க, ஒருத்தன் முன்னால லைட் அடிச்சுப் பார்க்கணும்.

கணக்குப்பிள்ளை

அப்படியானால் ஒரு அழைப்புக்கு ரெண்டு ஆள் கூலி, ஒரு வண்டி வாடகை. போன வருஷம் ராத்திரியில் எத்தனை முறை இறக்கினீர்கள் என்று ஸ்டாண்டில் கேட்டுச் சொல்லுங்கள். அதை வைத்துத்தான் ஒவ்வொரு வண்டியும் குறைந்தபட்சம் எவ்வளவு திரட்ட வேண்டும் என்று போட முடியும். குத்துமதிப்பு வேண்டாம், இரண்டு வருஷத்துக்குக் கையில் இருக்கும்படி பார்ப்போம்.

மேஜர்வண்டி

ஆம்புலன்ஸ் யோசனையை விட்டுவிடுகிறேன், அழைப்பு நிதியே சரி. குறைந்தபட்சத் தொகையை அறக்கட்டளைக் கணக்கில் கட்டி ரசீது காட்டாத வண்டிக்கு ஓட்ட எண் ஒட்ட மாட்டோம், என் வண்டி உட்பட. கூலி வண்டிகள் ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றாத ஞாயிறு என்பதால் அன்றே வைக்கிறோம். நில உரிமையாளரின் சம்மதக் கடிதம் வந்ததும் காவல் நிலையத்துக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்கும் மனு எழுதித் தர ஒருவர் வேண்டும்.

கம்பம்மெட்டு

மனு நான் எழுதுகிறேன். வரைபடம் ஒன்றும் இணைக்க வேண்டும், கொடிப் பாதையை அளந்து அனுப்புங்கள்.

சூரியநெல்லி டிரைவர்

அண்ணே, ராத்திரி இறக்கின கணக்கை ஸ்டாண்டுல நோட்டுப் போட்டு எழுதிட்டு இருக்கோம். பெஞ்ச் கழட்டுற விஷயத்துக்கு என் கமாண்டரையே முதல்ல எடுத்துக்கங்க, வெள்ளிக்கிழமை போடிக்கு டயர் மாத்த இறங்குறேன். அக்கா, அந்த போர்டு ஒண்ணை எங்க வந்து வாங்கிக்கணும்?

வார்டு 7 (தேனி)

போடி பஸ் ஸ்டாண்டுக்கே கொடுத்து அனுப்புகிறேன் தம்பி. பட்டறைக்குப் போகும்போது போர்டின் மேல் ஒரு ஆளைப் படுக்க வைத்து அளவு எடுங்கள், வெறும் பலகையை வைத்து எடுத்தால் தலைமாட்டில் இடிக்கும்.